ஆபரேஷன் முடிந்து 24 நாள், வலது பக்கம் மட்டும் ஏன் கல் மாதிரி இருக்கிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 27. சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம் ஒரு கிராமம், சென்னையில் ஐ.டி. வேலை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எனக்கு மார்பு பெண்களுக்கு இருக்கிற மாதிரி இருந்தது. பள்ளியில் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. நான்கு வருடமாகச் சேர்த்த பணத்தில் 24 நாட்களுக்கு முன் கைனகோமாஸ்டியா ஆபரேஷன் செய்துகொண்டேன். பத்தே நாளில் சரியாகிவிடும் என்றார்கள். இடது பக்கம் பரவாயில்லை. வலது பக்கம் காம்புக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது, இடதைவிடப் பெரிதாகவும் தெரிகிறது. காம்பில் உணர்ச்சியே இல்லை, ஆனால் திடீர் திடீரென்று ஷாக் அடித்தது போலச் சுரீர் என்கிறது. கிளினிக்கில் வாட்ஸ்அப்பில் கேட்டால் "நார்மல் சார்" என்று ஒரே பதில். அம்மா துணைக்கு வந்து தங்கியிருக்கிறார். முட்டை, மீன், பருப்பு எதையும் தொடவிடுவதில்லை. சிகரெட்டை ஒரு நாளைக்கு இரண்டாகக் குறைத்திருக்கிறேன். அப்பாவிடம் கொழுப்புக் கட்டி எடுத்ததாகச் சொல்லியிருக்கிறோம். இன்னும் எட்டு வாரத்தில் அக்கா பையனுக்குத் திருச்செந்தூரில் காதுகுத்து. தாய்மாமன் நான்தான், சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் மடியில் உட்காரவைக்க வேண்டும். அதை நினைத்துத்தான் ஆபரேஷனுக்கே துணிந்தேன். எல்லாம் வீணாகிவிட்டதா? மறுபடி செய்ய வேண்டியிருக்குமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, வீணாகவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இது ஆறிக்கொண்டிருக்கிற புண்ணின் வழக்கமான முகம்தான். ஆனால் வலது பக்கம் ஒரு விஷயத்தை நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும், அதைக் கடிதத்தில் நானோ வாட்ஸ்அப்பில் கிளினிக்காரர்களோ தீர்மானிக்க முடியாது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்றைக்குக் குளித்த பிறகு மல்லாந்து படுத்துக்கொண்டு, இடது கை விரல்கள் இரண்டை அந்தக் கெட்டியான இடத்தின் ஒரு ஓரத்தில் வைத்து, வலது கை விரலால் எதிர் ஓரத்தில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் அலை மாதிரி ஒன்று ஓடி வந்து இடது விரலில் மோதுகிறதா? எழுந்து நின்றால் வீக்கம் கீழே இறங்குகிற மாதிரி இருக்கிறதா? புரண்டு படுக்கும்போது இளநீர் குலுங்குவது போலத் தோன்றுகிறதா? அப்படியென்றால் அது நீர் கோத்திருப்பது. நாங்கள் செரோமா என்போம். உள்ளே வெற்றிடம் இருந்தால் உடம்பு அதை நீரால் நிரப்பும், அவ்வளவுதான். யாருடைய தப்பும் இல்லை, ஆபத்தும் பெரிதாக இல்லை. சர்ஜன் ஊசி போட்டு இழுத்தால் வைக்கோல் நிறத்தில் நீர் வரும், சிலருக்கு இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டியிருக்கும். வலிக்குமோ என்று பயப்படாதீர்கள், மரத்துப் போயிருக்கிற இடம் என்பதால் ஊசி குத்துவதே பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. ஆனால் அப்படியே விட்டுவிட்டால் நீரைச் சுற்றி ஒரு பை மாதிரி உறை உருவாகி, பிறகு ஊசியில் தீராது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அலை எதுவும் இல்லை, மொத்தமும் அழிரப்பர் மாதிரி, சப்பாத்தி மாவு காய்ந்த மாதிரி இறுக்கமாக இருக்கிறது என்றால் அது தழும்புத் திசு. அதற்கு மருந்து காலம்தான். ஆனால் இந்தச் சோதனையை நீங்களே செய்து நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். எந்தப் பக்கம் வந்தாலும் இந்த வாரத்துக்குள் உங்களுக்கு ஆபரேஷன் செய்த சர்ஜனையே நேரில் போய்ப் பாருங்கள். கோஆர்டினேட்டரை அல்ல, சர்ஜனை. சந்தேகம் இருந்தால் அவர் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுப்பார், கால் மணி நேர வேலை.

சரி, இப்போது அந்த எலுமிச்சம்பழத்துக்கு வருவோம்.

உங்களுக்கு உள்ளே என்ன செய்தார்கள் என்று யாராவது உட்காரவைத்து விளக்கினார்களா என்று தெரியவில்லை. பொதுவாக இப்படித்தான் நடக்கும்: பக்கவாட்டில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயை விட்டு, கொழுப்பை உறிஞ்சுவார்கள். அந்தக் குழாய் ஒரே இடத்தில் நிற்காது, விசிறி மடிப்பு மாதிரி முன்னும் பின்னும் போய் வந்து தோலுக்கடியில் டஜன் கணக்கில் சின்னச் சின்னச் சுரங்கம் தோண்டிவிடும். பிறகு காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரை வட்டமாகக் கீறி, கெட்டியான சுரப்பித் திசுவை வெட்டி எடுப்பார்கள். வெளியே பார்த்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் தையல். உள்ளேயோ உங்கள் உள்ளங்கையை விரித்து வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு பெரிய புண். வெளித் தையல் பத்து நாளில் ஒட்டிக்கொண்டதை வைத்து உள்ளேயும் ஆறிவிட்டது என்று நினைப்பதுதான் முக்கால்வாசிப் பேரின் கவலைக்குக் காரணம்.

அந்த உள்புண்ணை உடம்பு எப்படி மூடுகிறது தெரியுமா? தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கையில் கிடைத்த மண்ணையும் ஜல்லியையும் கொட்டி மேடாக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வண்டி ஏறி ஏறி, மழை பெய்து, பல மாதம் கழித்துத்தான் அது ரோட்டோடு சமமாகும். உடம்பும் முதல் மூன்று நான்கு வாரம் கொலாஜன் என்கிற நாரை அவசர அவசரமாக, ஒழுங்கே இல்லாமல், தேவைக்கு மேலேயே கொட்டுகிறது. அப்புறம்தான் நிதானமாக அதைக் கலைத்து, தரமான நாராக மாற்றி அடுக்குகிறது. அந்தக் கொட்டும் வேலை உச்சத்தில் இருக்கிற நேரத்தில்தான் நீங்கள் தொட்டுப் பார்க்கிறீர்கள். அதிலும் எங்கே அதிகம் வெட்டினார்களோ, அதாவது காம்புக்கு நேர் கீழே, அங்கேதான் அதிகம் கொட்டியிருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை கெட்டியாக இருக்கும், ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் இளகிவிடும்.

அது போக, காம்புக்கடியில் வேண்டுமென்றே ஒரு பொத்தான் கனத்துக்குச் சுரப்பியை விட்டுவைப்போம். முழுவதையும் வழித்தெடுத்துவிட்டால் காம்பு உள்ளே இறங்கி, சாஸர் மாதிரி குழிந்துவிடும். வீக்கத்தைவிட அது பார்க்க மோசம், சரி செய்வதும் கஷ்டம். ஆக நீங்கள் தொட்டுணர்கிற கெட்டியில் கொஞ்சம் இந்தப் பொத்தானாகவும் இருக்கலாம். "மிச்சம் வைத்துவிட்டார்கள்" என்று அதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

வலது மட்டும் ஏன்? நீங்கள் வலது கைக்காரராக இருந்தால் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. கதவைத் தள்ளுவது, பையைத் தூக்குவது, பைக்கில் ஆக்ஸிலேட்டரைத் திருகுவது எல்லாம் அந்தப் பக்கத்து நெஞ்சுத் தசையின் வேலை. அந்தத் தசைக்கு மேலேதான் புண் இருக்கிறது. இன்னொன்று, ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த படத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. வலது பெரிதாக இருந்திருந்தால் அங்கே அதிகம் எடுத்திருப்பார்கள், அதனால் அங்கே அதிகம் வீங்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஆறிய நோயாளியை இத்தனை வருடத்தில் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"பத்து நாளில் சரியாகிவிடும்" என்று சொன்னார்களே, அது முழுப் பொய்யும் இல்லை. பத்து நாளில் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போய் உட்காரலாம், அது உண்மை. ஆனால் அதைச் சொல்கிறவர் ஒன்றை மனதில் வைத்துச் சொல்கிறார், கேட்கிறவர் வேறொன்றைக் கேட்டுக்கொள்கிறார். நான் பிராக்டீஸ் ஆரம்பித்த புதிதில் இதே தப்பைச் செய்திருக்கிறேன். "இரண்டு வாரம்தான் சார்" என்று ஒருவரிடம் சாதாரணமாகச் சொன்னேன், அவர் பதினைந்தாவது நாள் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டு, மறுநாள் ஒரு பக்கம் வீங்கிப்போய் வந்து நின்றார். அன்றிலிருந்து நான் மூன்று தேதியாகப் பிரித்துத்தான் சொல்கிறேன்: வேலைக்குப் போகிற தேதி, பாரம் தூக்குகிற தேதி, கண்ணாடி பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற தேதி. முதலாவது பத்து நாள், இரண்டாவது ஆறு வாரம், மூன்றாவது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். மூன்றாவது தேதியைக் கேட்டதும் பலரின் முகம் மாறும். சிலர் வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். போகட்டும்.

ஆறு வாரம் என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. புண் ஒட்டிய இடத்தின் பலத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் பழைய தோலின் பலத்தில் 3 சதவீதம்தான் திரும்பியிருக்கும். மூன்று வாரத்தில் 20 முதல் 30 சதவீதம். மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை ஒட்டி வந்து அதோடு நின்றுவிடும், நூறு ஆவதே இல்லை. நீங்கள் இருப்பது கால் பங்குக் கட்டத்தில். அதனால் நடைப்பயிற்சி எவ்வளவு வேண்டுமானாலும் போங்கள், காலுக்கான லேசான பயிற்சியும் இப்போது ஆரம்பிக்கலாம், ஆனால் பெஞ்ச் பிரெஸ், புஷ்-அப், தண்டால் எல்லாம் ஆறு வாரம் தாண்டி, சர்ஜன் தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகுதான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகவும் வேண்டாம். ஜிம்மில் யாராவது "சீக்கிரம் ஷேப் வரும்" என்று ஊசியோ பெயர் தெரியாத பவுடரோ கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஸ்டீராய்டு உடம்பில் ஈஸ்ட்ரஜன் என்கிற பெண் ஹார்மோனாக மாறி, விட்டுவைத்த அந்தப் பொத்தானை வளர்த்துவிடும். எடுத்த சுரப்பி பொதுவாகத் திரும்ப வளராது, அதைத் திரும்ப வரவழைக்கிற வழிகளில் முக்கியமானது இது.

உணர்ச்சி இல்லை, ஆனால் ஷாக் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்ந்தே வருகிற இரண்டு அறிகுறி இவை, கேட்க முரணாக இருக்கும். தோலுக்கு உணர்ச்சி கொடுக்கிற மெல்லிய நரம்புகள் கொழுப்பு வழியாகத்தான் வருகின்றன, கொழுப்பை எடுக்கும்போது அவையும் இழுபடும், சில அறுந்தும் போகும். அறுந்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் திரும்ப வளரும். வளர்கிற நுனிக்கு எப்போது எதைச் சொல்வது என்று தெரியாது, அதனால் சும்மா இருக்கும்போதே சுரீர் என்று ஒரு சேதி அனுப்பும். அடுத்து அரிப்பு வரும். பனியன் உரசினாலே கூசுகிற ஒரு கட்டமும் சிலருக்கு வரும். மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் பெரும்பாலானவர்களுக்கு உணர்ச்சி திரும்பிவிடும், சிலருக்கு ஒரு வருடம் ஆகும், ஒரு சிலருக்குக் கொஞ்சம் மந்தமாகவே தங்கிவிடும். இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: உணர்ச்சி இல்லாத தோலில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். சுட்டுக்கொண்டது கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கம் குறையப் போடச் சொல்கிற அந்த இறுக்கப் பனியனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தோடு அனுப்பிய படத்தில் விலாவில் குறுக்கே ஒரு கோடு தெரிகிறது. பனியன் சுருண்டு மடிந்து அழுத்துகிறது என்று அர்த்தம். இப்படி வாரக்கணக்கில் மடிந்தே கிடந்தால் அந்தக் கோடு தோலில் பதிந்துவிடும், அடியில் இருக்கிற கொழுப்பும் பள்ளமாகிவிடும். நீளம் போதாத பனியன் இது. இடுப்பு வரை வருகிற ஒன்றை வாங்குங்கள். இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும், மூச்சை முழுசாக இழுக்க முடிய வேண்டும், அந்த இறுக்கம் போதும். சென்னை வெக்கையில் 23 மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டிருப்பது தண்டனைதான், எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு பனியன் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், உள்ளே பழைய மெல்லிய பருத்தி பனியன் ஒன்று போட்டால் வியர்வையை இழுத்துக்கொள்ளும். அக்குளிலும் மடிப்பிலும் சிவந்து அரித்தால் அது படையாக இருக்கலாம், புண் என்று நினைத்து ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள். நான்கு வாரம் முடிந்ததும் இரவிலோ பகலிலோ ஒரு வேளை மட்டும் போட்டால் போதுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்.

இப்போது அம்மா விஷயம். கோபப்படாதீர்கள், தையல் போட்டவனுக்குப் பருப்பு கொடுத்தால் சீழ் வைக்கும், மீன் கொடுத்தால் அரிக்கும், முட்டை சூடு என்று என் பாட்டியும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனதோடு சொல்கிற தப்பான பத்தியம் இது. சீழ் வைப்பது கிருமியால், பருப்பால் அல்ல. முன்பு சொன்னேனே கொலாஜன், அது புரதம். சராசரி எடை உள்ளவருக்கு இந்தச் சமயத்தில் ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம் புரதம் வேண்டும். ரசம் சாதமும் அப்பளமும் மூன்று வேளை சாப்பிட்டால் அதில் பாதிகூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, தினம் இரண்டு மூன்று சாப்பிடுங்கள். மீன் குழம்பு வைத்துத் தரச் சொல்லுங்கள், தூத்துக்குடிக்காரருக்கு மீன் இல்லாமல் பத்தியமா! ஏற்கெனவே மீனோ முட்டையோ ஒத்துக்கொள்ளாமல் தடித்துப் போகிற உடம்பாக இருந்தால் மட்டும் விலக்கு.

கூடவே நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை. வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் நாரை முறுக்க முடியாது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1740-இல் ஆன்சன் என்கிற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி உலகைச் சுற்றக் கிளம்பினார், மாதக்கணக்கில் கடலில் காய்கறி, பழம் இல்லாமல் மாலுமிகள் வைட்டமின் சி குறைவால் வருகிற ஸ்கர்வி நோய் வந்து செத்து விழுந்தார்கள். அதில் ஒரு கிழவருக்கு, 50 வருடத்துக்கு முன் போரில் பட்டு எப்போதோ ஆறிப்போன காயம் மறுபடி வாயைத் திறந்துகொண்டது என்று அந்தப் பயணத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். தழும்பு என்பது ஒரு தடவை கட்டி முடித்த சுவர் இல்லை, உடம்பு அதைத் தினமும் இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது, சுண்ணாம்பு வருவது நின்றால் சுவர் நிற்காது. அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னால் எடுபடுமா தெரியாது. "டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்" என்று என் பெயரைச் சொல்லுங்கள், எடுபடும்.

சிகரெட்டை இரண்டாகக் குறைத்திருக்கிறேன் என்று ஏதோ சாதனை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். காம்புக்கு இரத்தம் கொண்டுபோகிற பாதைகளில் பாதியை நாங்களே வெட்டிவிட்டோம், மிச்சம் இருப்பது நூல் மாதிரி மெல்லிய குழாய்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் நிகோட்டின் அவற்றைச் சுருக்கும். ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் ஒன்றுகூடக் கூடாது என்பது அதனால்தான். காம்பின் நிறம் நன்றாக இருப்பதாகப் படத்தில் தெரிகிறது, பிழைத்தீர்கள். இன்றோடு நிறுத்துங்கள்.

தழும்பு இப்போது சிவப்பாகத் தடித்து இருக்கிறது, அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் இன்னும் கொஞ்சம் கருத்துத் தெரியும். நம்முடைய நிறத் தோலில் எந்தப் புண்ணும் முதலில் கருத்துத்தான் பிறகு வெளுக்கும். முழுசாக அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம். கருவட்டத்தின் ஓரத்தில் இருப்பதால் கடைசியில் தேடினால்தான் கிடைக்கும். தையல் முழுசாக ஒட்டி, பொருக்கு உதிர்ந்துவிட்டால் சிலிக்கான் ஜெல்லை மெல்லிசாகக் காலை மாலை தடவலாம், இரண்டு மூன்று மாதம் விடாமல் தடவினால்தான் பலன். மஞ்சள், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் தையல் வாயில் வேண்டாம். நெஞ்சின் நடுவில், தோளில், காது மடலில் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ தழும்பு புடைத்து வளர்ந்திருக்கிறது என்றால் அதைச் சர்ஜனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கீலாய்டு வருகிற உடம்பா என்று கவனிப்பார். கெட்டிக்கு மசாஜ் உண்டு. ஆனால் நீர் இல்லை என்று உறுதியான பிறகு, எப்படி அழுத்துவது என்று அவர் கையாலேயே செய்து காட்டச் சொல்லி, ஆரம்பியுங்கள்.

கடிதத்தோடு பதினோரு படம் அனுப்பியிருக்கிறீர்கள், எல்லாம் ஒரே வாரத்தில் எடுத்தவை. குளியலறைக் கண்ணாடி, தலைக்கு மேலே டியூப் லைட். மேலிருந்து விழுகிற வெளிச்சத்தில் எந்த ஆணின் மார்பும் கீழே நிழல் விழுந்து எடுப்பாகத்தான் தெரியும். விளம்பரங்களில் "முன்" படத்தை இப்படி எடுத்துவிட்டு, "பின்" படத்தை நேர் வெளிச்சத்தில் எடுக்கிற ஆட்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் உங்களுக்கே அந்த வேலையைத் தலைகீழாகச் செய்துகொள்கிறீர்கள். மாதம் ஒரு படம் போதும். பகலில், ஜன்னலைப் பார்த்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, ஒரே இடத்தில். அதற்கு நடுவே தொட்டுப் பார்ப்பதையும் குறையுங்கள், அழுத்தி அழுத்திப் பார்த்தே வீங்கவைக்கிறவர்கள் உண்டு.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் மனசு இறங்குவதும் சாதாரணம். ஆபரேஷனுக்கு முந்தின பரபரப்பு முடிந்துவிட்டது, பலன் இன்னும் கைக்கு வரவில்லை, தூக்கம் சரியில்லை, வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது, பேச ஆள் இல்லை. இத்தனை வருடம் பட்டப்பெயரைச் சுமந்தவருக்கு "காசைக் கொட்டியும் போகவில்லையே" என்று தோன்றினால் அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் தாண்டியும் சாப்பாடும் தூக்கமும் பிடிக்காமல், எந்நேரமும் இதே நினைப்பாக இருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். கொழுப்பும் சுரப்பியும் எடுத்திருக்கிறார்கள், "கொழுப்புக் கட்டி" என்பது பெரிய பொய்யும் இல்லை.

சில விஷயங்களுக்கு மட்டும் அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் உடனே போக வேண்டும்: ஒரு பக்கம் சில மணி நேரத்தில் திடீரென்று வீங்கி விண்ணென்று தெறிப்பது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழோ நாற்றமோ, சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, காம்பு கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ கிளினிக்குக்கு போன் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அது இரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போகிற அறிகுறியாக இருக்கலாம்.

மறுபடி ஆபரேஷன் தேவையா என்ற கேள்வியை ஆறு மாதத்துக்கு முன் யாரும் எடுக்கக்கூடாது, ஒரு வருடம் பொறுத்தால் இன்னும் நல்லது. இப்போதே "சின்னதாக ஒரு டச்-அப் செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், அது எந்தப் பெரிய டாக்டராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். ஆறாத புண்ணைக் கிளறினால் இன்னும் அதிகம் கொலாஜன் கொட்டும், அவ்வளவுதான் நடக்கும். சர்ஜனைப் பார்க்கப் போகும்போது எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த ரிப்போர்ட்டின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். 27 வயதில் அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் அது உங்கள் கையில் இருக்க வேண்டிய காகிதம்.

அப்புறம், திருச்செந்தூர். கணக்குப் போட்டுப் பார்த்தேன், காதுகுத்து அன்று உங்களுக்குப் பதினோரு வாரம் முடிந்திருக்கும். வீக்கத்தில் பெரும்பகுதி இறங்கியிருக்கும், தொட்டால் கெட்டி தெரியலாம், ஆனால் பார்க்கிறவர்கள் யாரும் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. கீழ் ஓரத்தில் கருத்த கோடு ஒன்று இருக்கும், இரண்டடி தள்ளி நிற்கிறவருக்கு அது கருவட்டத்தோடு கலந்துதான் தெரியும். தாராளமாகச் சட்டையைக் கழற்றலாம். பனியனை முந்தின இரவே கழற்றி வைத்துவிடுங்கள், காலையில் கழற்றினால் அதன் தையல் அச்சு தோலில் சிவப்பாகக் கொஞ்ச நேரம் நிற்கும். கடற்கரை வெயிலில் வெற்று உடம்போடு ரொம்ப நேரம் சுற்ற வேண்டாம், தழும்பு இன்னும் கறுக்கும். கோயிலுக்குள் போகும்வரை துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். கடலில் குளிக்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள், தையல் சுத்தமாக ஒட்டியிருந்தால் குளிக்கலாம், அலையில் நெஞ்சைக் கொடுத்து நிற்காதீர்கள். அப்புறம், ஊசி குத்தும்போது பையன் கையையும் காலையும் உதைப்பான், தலையால் முட்டுவான். அவன் தலை உங்கள் இடது தோளில் சாய்கிற மாதிரி உட்காரவைத்து, வலது கையால் அவன் கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.